வார்டில் ஓட்டு, மந்திராலயாவில் முடிவு

2026 ஜனவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்தபோது தமிழர் காதில் அதிகம் விழுந்தவை இரண்டு பேச்சுகள். பா.ஜ.க.வுக்கு வாக்குக் கேட்க வந்த அண்ணாமலை, மும்பை மகாராஷ்டிரத்துக்கு மட்டும் உரிய ஊரல்ல, அது சர்வதேச நகரம் என்ற பொருளில் பேசினார். சிவாஜி பூங்கா மேடையில் நின்ற ராஜ் தாக்கரே, அவர் பெயரை ஓர் இனிப்பின் பெயரோடு முடிச்சுப் போட்டுக் கேலி செய்ததோடு, அறுபதுகளில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த லுங்கி முழக்கத்தையும் தூசி தட்டி எடுத்தார். இரண்டு பேருமே சண்டை போட்டது மும்பை யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி. ஜனவரி 15 அன்று வாக்குப்பதிவு, மறுநாள் எண்ணிக்கை. 227 இடங்களில் பா.ஜ.க. 89, உத்தவ் தாக்கரேயின் சிவசேனா 65, ஷிண்டேயின் சிவசேனா 29, காங்கிரஸ் 24. முப்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் தாக்கரே குடும்பத்தின் பிடியில் இருந்த மாநகராட்சி கைமாறியது. சரி, கைமாறியது எது? வென்ற 227 பேரால் வடாலாவில் ஒரு சதுர கிலோமீட்டரின் தலைவிதியையாவது தாமாகத் தீர்மானிக்க முடியுமா? முடியாது என்பதே என் வாதம். சொந்தம் கொண்டாடும் சண்டைக்குக் கூடிய கூட்டத்தில் ஒரு பங்காவது இந்தக் கேள்விக்குக் கூடியிருந்தால் தாராவி, சயான், வடாலா, செம்பூர்த் தமிழர்களுக்குப் பயன் இருந்திருக்கும்.

வடாலாவின் நிலத்தைப் பாருங்கள். ஹார்பர் பாதைக்குக் கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய பெரும்பரப்பு மும்பைத் துறைமுக ஆணையத்துடையது. நாட்கர்ணி பூங்காவும் துறைமுக மருத்துவமனையும் அதற்குள் அடக்கம். கேள்வி கேட்க வேண்டுமென்றால் தில்லியில் உள்ள கப்பல் துறை அமைச்சகத்தைத்தான் கேட்க வேண்டும். ஆண்டாப் ஹில்லில் வரிசை வரிசையாக நிற்கும் குடியிருப்புகள் மத்திய அரசு ஊழியருக்கானவை. தண்டவாளத்தின் இருபுறமும் ரயில்வே. ஆர்.டி.ஓ. அலுவலகம் மாநில அரசுடையது. குடிசை மாற்று என்றால் எஸ்.ஆர்.ஏ.; அதுவும் மாநில அரசின் அமைப்பு. டிரக் டெர்மினலைச் சுற்றிய பகுதிக்கு எம்.எம்.ஆர்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சி ஆணையமே திட்டமிடும் அதிகாரம் கொண்டது. அங்கே ஒரு மனையை அந்த ஆணையம் 2010இல் ஏலம் விட்டபோது லோதா நிறுவனம் 4,053 கோடி ரூபாய்க்கு எடுத்தது. நாட்டின் மிக விலை உயர்ந்த நிலப் பேரம் என்று அன்று செய்தித்தாள்கள் எழுதின. பணம் ஆணையத்துக்கு. அந்த மனையில் எழும்பிய கோபுரங்களில் குடியேறுகிறவர்களுக்குக் குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி, தீயணைப்பு, கொசு மருந்து எல்லாம் மாநகராட்சியின் தலையில். எஃப் நார்த் வார்டு அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்பவருக்கு அங்கே உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் பதில், இது எங்கள் எல்லையில் வராது என்பது. பல நேரங்களில் அது உண்மையும்கூட என்பதுதான் கொடுமை.

எல்லைத் தகராறு காகிதத்தோடு முடிவதில்லை. 2024 மே 13 அன்று வீசிய புழுதிப் புயலில் காட்கோபரில் விழுந்த ராட்சத விளம்பரப் பலகைக்கு 17 பேர் பலியானார்கள். மாநகராட்சி விதிப்படி நாற்பதடிக்கு நாற்பதடிதான் உச்சம். விழுந்தது நூற்றிருபதடிக்கு நூற்றிருபதடி. நிலம் ரயில்வே போலீஸ் வசம் இருந்தது, எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்றது மாநகராட்சி. வடாலாக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மோனோரயில். செம்பூரையும் வடாலாவையும் இணைத்து 2014 பிப்ரவரியில் தொடங்கியது, 2019 மார்ச்சில் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. வழித்தடத்தைத் தேர்ந்ததும், கட்டியதும், பின்னாளில் நடத்தியதும் மாநில அரசின் ஆணையமும் அதன் நிறுவனமும்தான். பயணிகள் சேரவில்லை, உதிரிபாகம் கிடைக்கவில்லை, நஷ்டம் ஏறியது. 2025 ஆகஸ்ட் 19 அன்று கனமழையில் மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே, அளவுக்கு மீறிய கூட்டத்தோடு ஒரு ரயில் அந்தரத்தில் நின்றுவிட்டது. உள்ளே 500க்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, ஏணி வைத்து இறக்கியவர்கள் மாநகராட்சியின் தீயணைப்பு வீரர்கள். அடுத்த மாதம் 20ஆம் தேதி சேவையே நிறுத்தப்பட்டது. இந்த வண்டி இந்த வழியில்தான் ஓட வேண்டுமா என்று முடிவெடுக்கும் உரிமை வடாலா கவுன்சிலருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. எம்.எம்.ஆர்.டி.ஏ.வில் மேயருக்கு ஓர் இடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தலைமை நாற்காலி அமைச்சருடையது. 2022க்குப் பிறகு நாலு வருடம் மும்பைக்கு மேயரே கிடையாது.

இதெல்லாம் இன்றைய ஆட்சியாளர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்தால் அவர்களுக்குத் தகுதிக்கு மீறிய பெருமை கொடுத்தவர்களாவோம். வேர் 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. பெரோஸ்ஷா மேத்தா போன்றவர்களின் முயற்சியால், அன்றைய இந்தியாவில் வேறெங்கும் இல்லாத அளவு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குக் குரல் கிடைத்தது. நிர்வாக அதிகாரம் மட்டும் அரசு நியமிக்கும் கமிஷனர் கையில் நின்றது. சுதந்திரம் வந்தது, மாநிலம் பிரிந்தது, ஏற்பாடு அப்படியே இருக்கிறது. மேயர் ஊரின் முதல் குடிமகன். உத்தரவு போடுகிறவர் கமிஷனர். 1998இல் மேயர் தலைமையில் ஒரு சிறு அமைச்சரவை போன்ற முறையை மாநில அரசு மும்பையில் சோதித்துப் பார்த்தது, அடுத்த ஆண்டே கைவிட்டது. மாட்டுங்கா, வடாலா தெருக்களின் பிறப்புச் சான்றிதழும் இதே கதையைத்தான் சொல்கிறது. 1896இல் பிளேக் தாக்கியபின், மாநகராட்சியை நம்பாத காலனி அரசு, நியமன உறுப்பினர் பெரும்பான்மையோடு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை உண்டாக்கியது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைச் சதுரம் போட்டு மனைகளாகப் பிரித்து, ஃபைவ் கார்டன்ஸ் போன்ற திறந்தவெளிகளை விட்டுவைத்தது அந்த டிரஸ்ட்தான். தமிழ் நடுத்தர வர்க்கம் மாட்டுங்காவில் காலூன்றியதும் அந்த மனைகளில் எழுந்த கட்டடங்களில்தான். நல்ல தெரு போட்டார்கள், மறுக்க முடியாது. அதே டிரஸ்ட் பழைய ஊரில் இடித்துத் தள்ளிய ஏழைகளின் அறைகளுக்கு ஈடாகப் புதிய அறைகளைக் கட்டவில்லை என்ற குற்றச்சாட்டும் அதன் காலம் முழுவதும் இருந்தது. 1933இல் அது மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்படாத அமைப்பு யாருக்காகத் திட்டமிடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி மும்பையில் கிடைக்காது.

இனி அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 2017இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2022 மார்ச் 7 அன்று முடிந்தது. பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு வழக்கு ஒருபுறம்; வார்டுகளை 236 ஆக்கிய மகா விகாஸ் ஆகாடி கூட்டணி அரசு, மீண்டும் 227 ஆக்கிய ஷிண்டே அரசு என்ற இழுபறி மறுபுறம். 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நாலு மாதத்தில் தேர்தலை முடிக்கச் சொன்னது. அப்புறம் 2026 ஜனவரி 31 வரை கெடு நீண்டது. ஏறக்குறைய நாலு வருடம் கமிஷனரே நிர்வாகி, அதாவது மன்றமும் அவரே. மூன்று ஆண்டுகளின் பட்ஜெட்டைத் தாமே போட்டுத் தாமே நிறைவேற்றிக்கொண்டது நிர்வாகம். 2025-26க்கான தொகை 74,427 கோடி ரூபாய். சிறிய மாநிலங்கள் சிலவற்றின் பட்ஜெட்டைவிடப் பெரிய இந்தத் தொகையில் ஒரு வரியைக்கூட வாக்காளர் சார்பில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கவுன்சிலர் இருக்கவேண்டிய கட்டடத்தில் 2023 ஜூலையில் மாவட்டப் பொறுப்பு அமைச்சருக்கு அறை திறந்தார்கள். வார்டு நிதியை எம்.எல்.ஏ.க்கள் வழியாகச் செலவழிக்க வழி செய்தார்கள். அந்த நிதி ஆளும் கூட்டணியின் தொகுதிகளுக்கு மட்டுமே போனது, எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கேட்டும் கிடைக்கவில்லை என்ற விவரத்தை 2024 ஜனவரியில் ஓர் ஆங்கில நாளேடு வெளியிட்டது. அப்போது வடாலாவுக்குக் காளிதாஸ் கோலம்ப்கர், சயான் கோலிவாடாவுக்குத் தமிழ்ச்செல்வன், இருவரும் பா.ஜ.க.; பக்கத்துத் தாராவிக்குக் காங்கிரஸின் வர்ஷா கெய்க்வாட். ஒரே மழை, ஒரே சாக்கடை, அடுத்தடுத்த மூன்று தொகுதிகள். சாக்கடை மராமத்துக்கான பணம் எம்.எல்.ஏ.வின் கட்சிக்கொடியைப் பார்த்து வரும் என்றால், அதற்குப் பெயர் உள்ளாட்சி இல்லை.

தாராவி மறுசீரமைப்பு இந்த வெற்றிடத்தில்தான் வேகம் பிடித்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையோடு முதலிடம் பெற்றது; 2023 ஜூலையில் மாநில அரசு ஒப்புதல் அளித்தது; 2025 மே மாதம் முதலமைச்சர் பட்னவிஸ் முழுத் திட்ட வரைவுக்கு இசைந்தார். திட்டத்துக்கான கூட்டு நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதப் பங்கு, மாநில அரசுக்கு 20. தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்கு உரியது, ஆனாலும் அங்கே திட்டமிடும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களும் மாடிக்காரர்களும் தாராவிக்கு வெளியே. வெளியே என்றால் எங்கே? காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு உப்பளங்கள் ஒன்று. செம்பூருக்கு அப்பால் 1927இலிருந்து ஊர்க்குப்பை கொட்டிய தேவ்னார் மேடு இன்னொன்று. அந்த மேட்டில் 124 ஏக்கரை 2024 அக்டோபரில் மாநில அமைச்சரவை ஒதுக்கியது. குப்பையை அகற்றும் செலவு மாநகராட்சிக்கு. அதற்கு விட்ட டெண்டரின் மதிப்பு 2,368 கோடி ரூபாய். யோசித்துப் பாருங்கள்: முடிவு அமைச்சரவையுடையது, பங்கு தனியாருடையதும் மாநிலத்துடையதும், பில் மாநகராட்சிக்கு. அந்தப் பில்லை ஏன் நாங்கள் கட்ட வேண்டும் என்று எழுந்து கேட்க மன்றத்தில் ஒருவர்கூட இல்லாத காலத்தில் இது நடந்தது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்குச் சொந்தக் கழிப்பறையுள்ள வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டை எங்கே, எந்த விதியில், யார் செலவில் என்று ஊர் பேசி முடிவெடுக்கும் வழியை அடைத்துவிட்டதுதான் என் புகார்.

மாநிலம் நகரத்தின் கையைக் கட்டுவது மும்பையின் தனிச்சொத்து அல்ல. தமிழர்கள் நிறையக் குடியேறியிருக்கும் அமெரிக்காவின் டெக்சஸில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. கட்டட வேலை செய்பவர்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று ஆஸ்டினும் டல்லாஸும் நகர விதி போட்டிருந்தன. அங்கே கோடை வெயில் வேலூர் வெயிலை நாணச் செய்யும். 2023இல் மாநிலச் சட்டமன்றம், தொழிலாளர், வணிகம் உள்ளிட்ட பல துறைகளில் மாநிலச் சட்டத்தை மீறி நகரங்கள் விதி செய்யக்கூடாது என்று சட்டம் இயற்றியது. ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்டார். ஹூஸ்டன் முதலான நகரங்கள் வழக்குப் போட்டன. அங்கே நகரங்கள் பெரும்பாலும் ஒரு கட்சி, மாநிலம் வேறு கட்சி, ஆகவே மோதல் பகிரங்கம். நம் ஊரில் ஒரே கட்சி ஆண்டாலும் வேறு கட்சி ஆண்டாலும் விளைவு ஒன்றுதான். இதில் தமிழ்நாட்டுக்கும் பெருமை பேச இடமில்லை. சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973இல் கலைத்த பிறகு 1996 வரை தேர்தலே கிடையாது. மீண்டும் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை மன்றம் இல்லை. இரண்டு கழகங்களின் ஆட்சியிலும் இந்த வெற்றிடம் நீடித்தது. மத்தியிடம் மாநில சுயாட்சி கேட்டு முழங்குகிற குரல், அதே நியாயத்தை நகரம் கேட்கும்போது கம்மிப்போகிறது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவை லேசானவையும் அல்ல. கவுன்சிலர் என்றாலே கமிஷன், அவரை நடுவில் விடாவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பது முதல் வாதம். மும்பையில் இதை நம்பாதவர் குறைவு. நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் கவுன்சிலரே இல்லாத காலத்தில் என்ன நடந்தது? ஆறாயிரம் கோடிக்கு மேல் மதிப்புள்ள கான்கிரீட் சாலை ஒப்பந்தங்கள் 2023இல் கொடுக்கப்பட்டன; தென் மும்பைக்கான ஒப்பந்தத்தை வேலை நடக்கவில்லை என்று அதே நிர்வாகமே ரத்து செய்ய நேர்ந்தது. மீட்டி ஆற்றுத் தூர்வாரலில் முறைகேடு என்று 2025இல் பதிவான வழக்கு, மன்றம் இருந்த ஆண்டுகளையும் நிர்வாகி காலத்தையும் சேர்த்தே தொடுகிறது. திருட்டுக்குத் தேர்தல் மருந்தல்ல என்பது உண்மை. ஆனால் திருடியதாகச் சந்தேகம் வந்தால் ஐந்தாண்டில் தூக்கி எறிய ஒரு வழி கவுன்சிலர் விஷயத்தில் இருக்கிறது, அதிகாரி விஷயத்தில் இல்லை. மெட்ரோவும் கடல்பாலமும் வார்டு அளவில் திட்டமிடக் கூடியவை அல்ல, தானேயையும் நவி மும்பையையும் சேர்த்து யோசிக்க ஒரு பெரிய அமைப்பு தேவை என்பது இரண்டாவது வாதம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரிய அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தமே சொல்லியிருக்கிறது. பெருநகரத் திட்டக் குழு, அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதிகாரமும் பணமும் மட்டும் அந்தக் குழுவிடம் போகாமல் அமைச்சர் தலைமையிலான ஆணையத்திடமே தங்கிவிட்டன.

மூன்றாவது வாதம் தமிழர்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வது. மாநகராட்சிக்கு அதிகாரம் கூடினால் அது மண்ணின் மைந்தர் கோஷக்காரர்கள் கையில் போய்ச் சேரும், நமக்கு மாநில அரசே பாதுகாப்பு என்பார்கள். வரலாறு இதற்கு ஒத்துழைக்கவில்லை. 1966இல் சிவசேனா பிறந்து தென்னிந்தியரின் ஓட்டல்களும் கடைகளும் மிரட்டப்பட்டபோது மாநிலத்தை ஆண்டது காங்கிரஸ். முதலமைச்சர் வசந்தராவ் நாயக் அந்தக் கட்சியை வளர விட்டார் என்பதற்காக அதை வசந்த சேனா என்றே கிண்டலடித்தார்கள். மாறாக, மும்பையில் ஏழைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் பாடம் சொல்லிக்கொடுத்த பெரிய அமைப்பு மாநகராட்சிதான். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, ஆங்கிலத்தோடு தமிழிலும் பள்ளி நடத்திய அமைப்பு அது. கணக்கும் அதையே சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் 11 கோடிக்கு மேல் மக்கள், 288 எம்.எல்.ஏ.க்கள், அதில் தமிழர் ஓட்டு கடலில் கரைந்த பெருங்காயம். மும்பையில் 1 கோடியே 24 லட்சம் பேருக்கு 227 வார்டுகள், ஒரு வார்டுக்குச் சுமார் ஐம்பத்தைந்தாயிரம் பேர். தாராவியிலோ ஆண்டாப் ஹில்லிலோ நாலு தெருத் தமிழர்கள் சேர்ந்தால் ஒரு வார்டின் முடிவை மாற்றலாம். சிறுபான்மையின் பலம் அலகு சிறுத்தால் கூடும், பெருத்தால் குறையும். சயான் கோலிவாடாவில் ஒரு தமிழர் 2014 முதல் மூன்று முறை வென்றிருப்பது பெருமைக்குரியதுதான், ஆனால் அவர் கட்சி மேலிடம் எடுத்த முடிவைத் தாண்டித் தொகுதிக்காக நிற்பது எந்த எம்.எல்.ஏ.வுக்கும் எளிதல்ல. நாளை அதிகாரம் வார்டுக்கு இறங்கி, அந்த வார்டில் மராத்தி வெறி பேசுகிறவர் வென்றால்? வெல்லலாம். அவரைத் தோற்கடிக்க வேண்டியது பக்கத்துக் கட்டடத்து வாக்காளர், அவரிடம் போய்ப் பேசலாம். மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயாவின் வாசலில் அந்த வசதி கிடையாது.

புதிய மன்றம் வந்துவிட்டது, நிர்வாகி காலம் முடிந்துவிட்டது, இனி என்ன குறை என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. நிலைக்குழு மீண்டும் கூடுகிறது, ஒப்பந்தங்களுக்கு அதன் சம்மதம் தேவை; அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் 1888 சட்டத்தின் எலும்புக்கூடு மாறவில்லை, டிரக் டெர்மினலும் தாராவியும் மன்றத்தின் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன, அடுத்த முறை தேர்தலைத் தள்ளிப்போடத் தடையாக எந்தச் சட்டமும் புதிதாக வரவில்லை. இதை மாற்றும் அதிகாரம் கவுன்சிலரிடம் இல்லை, சட்டமன்றத்தில்தான் இருக்கிறது. ஆகவே வடாலா, சயான் கோலிவாடா, தாராவி, செம்பூர், அனுசக்தி நகர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் எம்.எல்.ஏ. பொங்கல் விழாவுக்கோ ஐயப்ப பூஜைக்கோ மாலை வாங்க வரும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். மேயருக்கு நிர்வாக அதிகாரம் தரும் திருத்தத்தை ஆதரிப்பீர்களா? எம்.எம்.ஆர்.டி.ஏ.வும் தாராவித் திட்டமும் எங்கள் வார்டில் எடுக்கும் முடிவுகளுக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டமன்றத்தில் பேசுவீர்களா? தேர்தல் தள்ளிப்போனால் ஆறு மாதத்துக்கு மேல் நிர்வாகி ஆட்சி கூடாது என்று மசோதா கொண்டுவருவீர்களா? அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2029இல்.